ஹேண்டில்பாரில் கேமரா, எதிரே குளிர்காலச் சூரியன்

நியூயார்க்கில் 1887இல் தொடங்கிய ஃபோல்மர் அண்ட் ஷ்விங் நிறுவனம் முதலில் செய்து விற்றது கேஸ் விளக்குகளை. பிறகு சைக்கிள். அதற்கும் பிறகு கேமரா. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சரக்குகளாகத் தெரியலாம். ஆனால் அந்தக் காலத்தில் சைக்கிள் வாங்கியவரேதான் பல நேரம் கேமராவும் வாங்கினார். பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் கையில் பல பத்தாண்டுகள் இருந்த ஸ்பீட் கிராஃபிக் கேமரா 1912இல் வந்தது. அது இந்தச் சைக்கிள் பட்டறையின் வழிவந்ததுதான். புகைப்பட வரலாறு எழுதுபவர்கள் லென்ஸுக்கும் ரசாயனத்துக்கும் தரும் இடத்தில் பாதியையாவது சைக்கிளுக்குத் தந்திருக்க வேண்டும்.

1870கள் வரை வெளியிடத்தில் படமெடுப்பது வண்டி கட்டிக்கொண்டு போகிற வேலை. கண்ணாடியில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, பக்கத்திலேயே போட்ட இருட்டுக் கூடாரத்தில் டெவலப் செய்தாக வேண்டும். 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் உலர் பிளேட்டுக்கு வழி காட்டினார். 1885இல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று தெருவில் ஓடும் சைக்கிளின் முப்பாட்டன் அதுதான். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் மாட்டினார். கண்ணாடி பிளேட் சுமந்து போகிறவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. அதே 1888இல் ராச்செஸ்டரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் முதல் கோடக் கேமராவை விற்பனைக்கு விட்டார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள்.

அடுத்த பத்தாண்டில் 'சைக்கிள் போகோ', 'சைக்கிள் கிராஃபிக்' என்று பெயரிலேயே சைக்கிளைச் சுமந்த கேமராக்கள் கடைக்கு வந்தன. மடித்தால் தட்டையாகிவிடும் மரப்பெட்டி, தோல் உறை, வண்டியோடு சேர்த்துக் கட்ட ஒரு வார். வழியில் ஒரு காட்சி கண்ணில் பட்டால் இறங்கி, வாரை அவிழ்த்து, முன்பலகையைத் திறந்து, துருத்தியை இழுத்து, பின்பக்கம் பிளேட் உறையைச் செருகி, அதன் மூடியை உருவி, ஷட்டரைத் தட்டி, மறக்காமல் மூடியைத் திரும்பச் செருக வேண்டும். இத்தனையும் ஒரே ஒரு படத்துக்கு. உறைபனிக் காலையில் கையுறை போட்டுக்கொண்டு இதில் பாதியைக்கூடச் செய்ய முடியாது. கழற்றினாலோ பித்தளைத் திருகு விரலைக் கடிக்கும்.

இந்தக் கூட்டணி எவ்வளவு தூரம் போகும் என்பதை மூன்று இளைஞர்கள் காட்டினார்கள். அமெரிக்கர்களான தாமஸ் ஆலனும் வில்லியம் சாக்லபனும் கல்லூரி முடித்த கையோடு புறப்பட்டு, கோடக் கேமராவுடன் துருக்கி, பாரசீகம், மத்திய ஆசியா வழியாக 1892இல் பீக்கிங் வரை மிதித்தார்கள். அதே ஆண்டு பிட்ஸ்பர்க் நகரத்துக் கணக்கரான ஃபிராங்க் லென்ஸ், கேமராவைச் சுமந்துகொண்டு தனியாக உலகைச் சுற்றக் கிளம்பினார். ஜப்பான், சீனா, பர்மா, இந்தியா, பாரசீகம் எல்லாம் கடந்தவர் 1894இல் கிழக்குத் துருக்கியில் காணாமல் போனார். அவரைத் தேடி மறு ஆண்டு அனுப்பப்பட்டவர் சாக்லபன். லென்ஸ் திரும்பவே இல்லை.

உலகத்தையே சுற்றிவந்த அந்தக் கேமராக்களால் வீட்டு வாசலில் எழும் சூரியனைப் பிடிக்க முடியவில்லை. அன்றைய பிளேட்டுக்கு நீலமும் ஊதாவும் மட்டும்தான் நன்றாகத் தெரியும். நீல வானம் படத்தில் வெறும் வெள்ளையாகிவிடும். காலைச் சிவப்பு கருப்பாக விழும். சூரியனையே படத்துக்குள் கொண்டுவந்தால் இன்னொரு தொல்லை. வெளிச்சம் கண்ணாடியை ஊடுருவிப் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பி, சூரியனைச் சுற்றி ஒரு வெள்ளைத் திட்டை உண்டாக்கும். அதைத் தடுக்க பிளேட்டின் முதுகில் கருஞ்சாயம் பூசினார்கள். பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே, சில படங்களில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து, பிரிண்ட் போடும்போது இரண்டையும் சேர்த்திருந்தார். சைக்கிளில் போகிறவருக்கு அதெல்லாம் ஆகிற காரியமா?

1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்ததும், அந்தக் குளிர்காலத்தில் ஐரோப்பா, அமெரிக்கா முழுக்க வானம் ரத்தச் சிவப்பாகச் சிவந்தது. நியூயார்க் மாநிலத்தின் பொகீப்ஸியில் எங்கோ தீப்பிடித்துவிட்டதாக நினைத்துத் தீயணைப்பு வண்டிகள் ஓடின. அந்த நிறங்களைப் பதிவு செய்ய உலர் பிளேட் உதவவில்லை. லண்டனில் தேம்ஸ் கரையில் நின்று, வில்லியம் ஆஸ்க்ராஃப்ட் என்ற ஓவியர் வண்ணச் சுண்ணத்தால் அவசர அவசரமாகத் தீட்டிய 500க்கும் மேற்பட்ட வானச் சித்திரங்கள் அவற்றுக்கு இன்றிருக்கும் முக்கியச் சாட்சி.

சிவப்பையும் பார்க்கிற பிளேட்டை இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் 1906இல் விற்கத் தொடங்கியது. மறு ஆண்டே லூமியேர் சகோதரர்களின் வண்ண பிளேட் வந்தது. சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்கள் வழியே நிறம் காட்டும் அந்த பிளேட்டுக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். மங்கிய காலையில் முக்காலி இல்லாமல் நடக்காது. சாதாரண ஜனங்கள் வாங்கியது கறுப்பு வெள்ளைச் சுருள்தான். கோடக்கின் வெரிக்ரோம் 1931இல் வந்தபோதும் அதற்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு தெரியும் 'வெரிக்ரோம் பான்' வர 1956 ஆயிற்று. இடையில் 1936இல் 35 மி.மீ. கோடக்ரோம் வந்து, காலை வானத்தின் நிறத்தைச் சட்டைப்பையில் அடங்கும் கேமராவுக்குள் கொண்டுவந்தது.

படம் கிடைத்ததோ இல்லையோ, வேலைக்கு மிதிப்பவர்களுக்கு அந்தச் சூரியன் தினமும் கிடைத்துக்கொண்டிருந்தது. சென்னையில் ஆண்டின் மிக முந்திய உதயத்துக்கும் மிகப் பிந்திய உதயத்துக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இன்றைய கடிகாரப்படி ஜூனில் நாலரைக்கு முன்பே விடிந்துவிடும். டிசம்பர் கடைசியில் எட்டரை மணி தாண்டித்தான் சூரியன் தலைகாட்டும். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை உதய நேரமும் வேலைக்குப் போகும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. சூரியன் அங்கே சாய்வாக ஏறுவதால், நம் ஊரில் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துபோகும் விடியல் வெளிச்சம் அங்கே ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் நிற்கும்.

கோபன்ஹேகன் நகரம் சைக்கிளுக்கென்று முதல் தடத்தை 1892இல் எஸ்பிளனாடன் தெருவில் ஒதுக்கியது. 1910 வாக்கில் ஏரிக்கரையோரக் குதிரைப் பாதைகளும் சைக்கிளுக்கு வந்தன. அன்றைய தொழிலாளிகளுக்குக் குளிர்காலக் காலை என்றால் கார்பைடு விளக்கு. மேல் அறையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள கார்பைடு கட்டியில் விழும். கிளம்பும் வாயு பளீரென்று எரியும். குளிர் முற்றினால் அந்தத் தண்ணீரே உறைந்துவிடும். 1950, 60களில் கார்கள் பெருகிச் சைக்கிள் ஒதுங்கியது. 1973 எண்ணெய் நெருக்கடியில் டென்மார்க் அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்குத் தடை போட்டது. தொடர்ந்த ஆண்டுகளில் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக நகர மன்றத்தின் முன் திரண்டு பாதை கேட்டார்கள். இப்போது பனி விழுந்தால் நகராட்சி முக்கியச் சைக்கிள் பாதைகளை முதல் வேலையாகத் துடைக்கிறது.

நோர்ரெப்ரோ பகுதியை நகர மையத்தோடு இணைக்கும் ராணி லூயிஸ் பாலம் 1887இல் திறக்கப்பட்டது. ஃபோல்மர் அண்ட் ஷ்விங் பிறந்த அதே ஆண்டு. பாலம் ஏறக்குறைய தென்கிழக்கு நோக்கிப் போகிறது. டிசம்பரில் அந்த ஊரில் சூரியன் எழும் திசையும் தென்கிழக்கே. நாளொன்றுக்குப் பல்லாயிரம் பேர் சைக்கிளில் கடக்கும் அந்தப் பாலத்தில், மேகம் விலகிய குளிர்காலக் காலைகளில் ஏரித் தண்ணீர் இரு பக்கமும் சிவந்து கிடக்கும். கட்டியவர்கள் சூரியனை நினைத்தா கட்டினார்கள்? இல்லை. இருந்தாலும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பரிசை யாரும் திட்டமிட்டுத் தந்திருக்க முடியாது.

அங்கே ஓரமாக வண்டியை நிறுத்தி எடுக்கும் படங்கள் இன்று கைபேசிப் படங்கள். கைபேசிக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும், ஆனால் நம்பாது. எந்த வெளிச்சத்தையும் நடுநிலைக்குக் கொண்டுவரும்படி அதைப் பழக்கியிருக்கிறார்கள். 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் சான்பிரான்சிஸ்கோ வானம் ஆரஞ்சாக மாறியபோது, பலருடைய கைபேசிகள் அதைச் சாம்பல் நிறமாகவே காட்டின. விவரம் தெரிந்தவர்கள் நிறச் சமநிலையைத் தாமே 'பகல் வெளிச்சம்' என்று வைத்து, திரையில் சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்த பிறகே படமெடுக்கிறார்கள்.