முன்றிலும் முற்றமும்: முட்டுக்காட்டில் பெயர்த்தமைத்த வீடுகளும் பெரும்பாணாற்றுப்படை காட்டும் இல்லங்களும்

ஆய்வுச்சுருக்கம்

முட்டுக்காட்டில் அமைந்துள்ள தட்சிணசித்ரா திறந்தவெளி அருங்காட்சியகம் தென்னிந்திய இல்லங்களைப் பெயர்த்தெடுத்து மீளக் கட்டிக் காட்சிப்படுத்துகிறது. அதே தொண்டைநாட்டைக் களமாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையும் வீடு வீடாகச் சென்று மனைவாழ்வைக் காட்டும் நூலாகும். வீட்டின் அன்றாடச் சிறு இன்பங்களை எழுத முனையும் வரலாற்றாய்வாளருக்கு இவ்விரண்டும் எவ்வகைச் சான்றுகளாக அமைகின்றன, எவற்றைக் காட்டாமல் விடுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மனைவாழ்வு, திண்ணை, முன்றில், தட்சிணசித்ரா, பெரும்பாணாற்றுப்படை, புழங்குபொருள்

முன்னுரை

போருக்கு நடுகல் உண்டு. நிலக்கொடைக்குச் செப்பேடு உண்டு. ஒரு பிற்பகலில் வீட்டின் உள்ளே இரு பெண்கள் கல்லெறிந்து ஆடியதற்கோ, திண்ணையில் படுத்தவர் எந்தப் பக்கம் தலைவைத்தார் என்பதற்கோ அத்தகைய சான்று எதுவும் இல்லை. மனைவாழ்வின் வரலாற்றை எழுதுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் இதுவே. குடும்பத்தின் உறவுமுறை, சொத்துரிமை, திருமணம் ஆகியவை பற்றி ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. வீட்டில் இருப்பதன் இன்பம் என்ற ஒன்றோ ஆய்வுப் பொருளாகக் கொள்ளத்தக்கதா என்ற ஐயத்துடனேயே பெரும்பாலும் நோக்கப்படுகிறது. சான்று கிடைப்பின் அதுவும் வரலாறே என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. எனவே சான்றின் இயல்பை ஆராய்வதே இங்கு முதன்மை பெறுகிறது.

பெயர்த்தமைத்த வீடுகள்

திறந்தவெளி அருங்காட்சியகம் என்னும் கருத்து சுவீடனில் வடிவம் பெற்றது. 1891ஆம் ஆண்டு ஆர்தர் ஹாசேலியஸ் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சனைத் தொடங்கியபோது, தொழில்மயமாதலால் மறைந்துவந்த ஊர்ப்புற வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்தினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதையொத்த நெருக்கடி தமிழகத்திலும் தோன்றியது. பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் பழம்பொருள் சந்தையில் தனித்தனியே விலைபோயின. 1984இல் டெபோரா தியாகராஜன் முன்னின்று தொடங்கிய சென்னை கைவினை அறக்கட்டளை இவ்வீடுகளில் சிலவற்றை முழுமையாகக் காக்க முற்பட்டது. அதன் விளைவான தட்சிணசித்ரா 1996 டிசம்பர் 14 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வளாகத்தின் தொடக்க வடிவமைப்பை லாரி பேக்கர் அளித்தார். அவர் வழியில் வந்த பென்னி குரியாகோஸ் பணியைத் தொடர்ந்தார்.

செட்டிநாட்டு வணிகர் வீடு, நெல்லைச் சீமையின் ஆம்பூரிலிருந்து வந்த அக்கிரகார வீடு, காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு, கேரளத்தின் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு, ஆந்திரக் கடலோரத்தின் வட்ட வீடு எனப் பலவும் ஒரே வளாகத்துள் நிற்கின்றன. இவ்வீடுகளைக் கட்டடக்கலை நோக்கில் விளக்குவது எளிது. இக்கட்டுரைக்கு வேண்டுவது அதுவன்று. இவற்றுள் வாழ்ந்தோர் எங்கே இளைப்பாறினர், எதில் மகிழ்ந்தனர் என்பதற்கான தடயங்களே.

அத்தகைய தடயங்களுள் திண்ணை முதன்மையானது. தமிழக வீடுகள் பலவற்றில் திண்ணையின் ஓரம் சற்றே உயர்த்திச் சரிவாகப் பூசப்பட்டிருக்கும். படுப்பவர் தலைக்கும் அமர்பவர் முதுகுக்கும் உரிய சாய்மானம் அது. வீடு கட்டும்போதே பகலுறக்கத்துக்கு இடம் ஒதுக்கிய ஒரு சமூகத்தை அந்தச் சாய்மானம் காட்டுகிறது. வழிப்போக்கர் கேளாமலே அமரலாம் என்ற இசைவும் அதில் அடங்கியிருந்தது. ஆயின் எந்த வழிப்போக்கர் என்ற வினாவைத் தவிர்க்க இயலாது. அக்கிரகாரத் திண்ணை எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்கவில்லை. அத்தெருவிலேயே நடக்கவியலாத மக்கள் இருந்தனர். அதே வீட்டின் பெண்களும் பொதுவாகத் திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்திருப்பதில்லை. அவர்களுக்குரிய திறந்தவெளி உள்ளே இருந்த முற்றம். திண்ணையின் இன்பம் ஓர் எல்லைக்கோட்டுக்கு உட்பட்ட இன்பம்.

அருங்காட்சியகத்தில் அக்கோடு புலனாவதில்லை. அக்கிரகாரத்திலிருந்து குயவர் வீட்டுக்கு இன்று சில நிமிடங்களில் நடந்துவிடலாம். பள்ளிச் சிறுவர் ஒரு திண்ணையிலிருந்து மறு திண்ணைக்கு ஓடுகின்றனர். இது இன்றைய வாழ்வுக்கு நல்லதே. ஆனால் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது இழப்பொன்று உண்டு: வீடுகளைக் கொண்டுவர முடிந்தது, அவற்றுக்கு இடையிலிருந்த தொலைவைக் கொண்டுவர முடியவில்லை.

மற்றொரு வரம்பு கட்டுமானப் பொருளால் ஏற்படுவது. தேக்குத் தூணையும் கருங்கல்லையும் எண்ணிட்டுக் கழற்றி வேறிடத்தில் பொருத்தலாம். மண்சுவரையும் ஓலைக்கூரையையும் அவ்வாறு பெயர்க்க இயலாது. அவற்றைப் புதிதாகவே எழுப்பவேண்டும். ஆகவே எந்தத் திறந்தவெளி அருங்காட்சியகத்திலும் உடையோர் இல்லம் மூலமாகவும் இல்லோர் இல்லம் படியாகவும் அமைவது இயல்பாகிவிடுகிறது. இது அமைத்தோரின் குறையன்று. மரத்துக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாடு.

பாணன் கண்ட வீடுகள்

தட்சிணசித்ராவைச் சுற்றி வரும் ஒருவருக்குப் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வருவது வியப்பன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூல் 500 அடிகளால் ஆனது. உ.வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பத்துப்பாட்டில் இதுவும் ஒன்று. பரிசில் பெற்ற பாணன் மற்றொரு பாணனுக்கு வழி சொல்லும்போது ஒவ்வொரு நிலத்து வீட்டையும் அங்குக் கிடைக்கும் உணவையும் வரிசையாகச் சொல்லிச் செல்கிறான். இதில் வரும் நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தை மாமல்லபுரத்தோடு பொருத்திக் காண்போரும் உண்டு.

இவ்வரிசையின் தொடக்கத்தில் வருவது நகரும் இல்லம் என்பது கருதத்தக்கது. உப்பு வணிகராகிய உமணரின் வண்டியில் கோழிக்கூடு இருக்கிறது. பெண்யானையின் முழங்கால் போன்ற சிறிய உரல் தொங்குகிறது. காடிக் கலம் கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது. குழந்தையை உடைய பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வீடென்று சொல்லச் சுவரோ கூரையோ இங்கு முதன்மையில்லை. உரலும் புளிப்பும் கோழியும் குழந்தையும் சேர்ந்தால் அது இல்லமாகிவிடுகிறது. மனைவாழ்வுக்கு இதனினும் சுருக்கமான வரையறை சங்க இலக்கியத்தில் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

அடுத்து எயினர் குடிசை. ஈந்தின் இலையால் வேய்ந்த அதன் கூரை முள்ளம்பன்றியின் முதுகுபோல் இருக்கிறது. பிள்ளை பெற்றவள் மான்தோலில் குழந்தையோடு படுத்திருக்கிறாள். ஏனைய பெண்கள் எறும்புப் புற்றின் அருகே நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டி வருகின்றனர். விளாமர நிழலில் உள்ள முன்றிலில், நிலத்தில் பதித்த உரலில் அதைக் குற்றுகின்றனர். வறுமை மறைக்கப்படவில்லை. ஆனால் ஈன்றவளை மட்டும் வேலையிலிருந்து விலக்கிப் படுக்கவைத்த குடும்ப ஒழுங்கு ஒரே சொல்லாட்சியில் பதிவாகியுள்ளது. பெயர்க்கவியலாத மண்ணும் ஓலையும் இப்பாட்டில் மூலமாகவே கிடைக்கின்றன. அருங்காட்சியகம் எங்கே வலுவிழக்கிறதோ அங்கே பாட்டு வலுப்பெறுகிறது.

மருதநிலத்து உழவர் வீட்டில் தச்சர் செய்த பொம்மைத்தேர் வருகிறது. ஏறிச் செல்ல இயலாத அத்தேரை உருட்டி நடந்த சிறுவர் களைத்துப்போய்ச் செவிலியரிடம் பால் உண்டு உறங்கிவிடுகின்றனர். நடைபழகும் குழந்தை வண்டியைத் தள்ளிக் களைப்பதும், களைத்த இடத்திலேயே தூங்கிவிடுவதும் இன்றும் எவ்வீட்டிலும் காணக்கூடியவை. இக்காட்சிக்குப் புறப்பொருள் நோக்கில் எத்தேவையும் இல்லை. நாட்டின் வளத்தைச் சொல்ல நெற்குவியலே போதும். புலவர் இதைச் சேர்த்தது இதன் இன்பத்துக்காகவே என்று கருத இடமுண்டு.

வலைஞர் குடிலின் முன்றிலில் மீன் பிடிக்கும் பறிகள் கிடக்கின்றன; புன்னைக் கிளைகளால் இட்ட பந்தலில் காய்கள் தொங்குகின்றன; கீழே மணல் பரப்பியிருக்கிறது. அந்தணர் மனையிலோ பந்தற்காலில் கன்று கட்டப்பட்டிருக்கிறது, தரை மெழுகப்பட்டிருக்கிறது, கிளிக்கு வேதம் பயிற்றுகின்றனர், கோழியும் நாயும் அங்கே அணுகுவதில்லை. உமணர் வண்டியில் இல்லத்தின் உறுப்பாக இருந்த கோழி, உழவர் வீட்டில் விருந்தினருக்கு உணவான கோழி, இங்கே விலக்கப்படுகிறது. திண்ணையில் நாம் கண்ட எல்லைக்கோட்டின் பழைய வடிவம் இது. கிளியைப் பேசவைக்கும் மகிழ்ச்சியும் கோழியை விலக்கும் தூய்மையும் ஒரே முன்றிலில் நிற்கின்றன. பாணன் நடந்து வருவதால் அவ்வேறுபாடு அவனுக்குப் புலப்படுகிறது. தட்சிணசித்ராவில் தொலைந்த தொலைவு ஆற்றுப்படையில் வழியாகவே எஞ்சியிருக்கிறது.

முன்றில் என்னும் சொல்லையும் இங்குக் கருதவேண்டும். இல்முன் என்பது முன்றில் என மாறி நின்றதை இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாக மாணவர்க்குச் சொல்லித் தருகிறோம். அதற்குமேல் அச்சொல்லில் நின்று பார்ப்பதில்லை. பாட்டின் குடிசைகளில் குற்றுதலும் கட்டுதலும் உலர்த்துதலும் முன்றிலில், வருவோர் கண்ணெதிரே நிகழ்கின்றன. செட்டிநாட்டு வீட்டிலும் அக்கிரகார வீட்டிலும் அவை சுவர்களுக்கு உட்பட்ட முற்றத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. வீடு பெருகப் பெருக அதன் வாழ்வு வெளியார் பார்வையிலிருந்து விலகுகிறது. எனவே குடிசையின் அன்றாடம் விருந்தினருக்குத் தெரிந்த அளவு மாளிகையின் அன்றாடம் தெரிவதில்லை.

ஆட்டமும் பொருளும்

நீர்ப்பெயற்றின் உயர்ந்த மாடங்களில் மகளிர் பந்தாடிக் களைத்தபின், முத்துப் போன்ற மணலில் பொன்னாலான கழங்கு ஆடுவதாகப் பாட்டு கூறுகிறது. கழங்கைப் பல்லாங்குழியோடு இணைத்துச் சொல்வது கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. அது பொருந்தாது. ஆடும்போது வளையல்கள் தாவுவதாகச் சொல்லப்படுவதால், இது எறிந்து பிடிக்கும் ஆட்டம். இன்றைய சொட்டாங்கல், அஞ்சாங்கல் ஆகியவற்றுக்கே நெருக்கமானது. பல்லாங்குழியில் பக்கத்துக்கு 7 என 14 குழிகளில் காய்களைப் பகிர்ந்து போடும் கணக்கே ஆட்டம். கையின் விரைவுக்கு அங்கே வேலையில்லை.

இவ்வேறுபாட்டை வலியுறுத்தக் காரணம் உண்டு. பல்லாங்குழி மரத்தாலோ பித்தளையாலோ செய்த பொருள், சீர்வரிசையில் இடம்பெறும், பேழையில் வைக்கலாம், அருங்காட்சியகத்தில் விளக்கச் சீட்டு ஒட்டலாம். சொட்டாங்கல்லுக்கு வேண்டுவன வாசலில் பொறுக்கிய ஐந்து கற்கள். ஆட்டம் முடிந்ததும் அவை மீண்டும் வாசலின் கற்களாகிவிடும். பெண்கள் மிகுதியாக ஆடியது எது என்று கேட்டால், பொருள்வழி ஆய்வு பல்லாங்குழியை நோக்கியே நம்மைச் சாய்க்கும்.

இருவகைச் சான்றுக்கும் பொதுவான குறை ஒன்றும் உண்டு. பாணனும் விருந்தினன், அருங்காட்சியகத்துக்கு வருபவரும் விருந்தினர். விருந்தினர் வரும்போது வீடு தன் நல்ல முகத்தைக் காட்டும். மேலும் பாணன் அரசனிடம் பரிசில் பெற்றவன். அவன் கண்ட வீடெல்லாம் விருந்தோம்புவது இளந்திரையன் ஆட்சியின் சிறப்பாகவே சொல்லப்படுகிறது. எயினர் மனையில் தேக்கிலையில் இடும் ஊன்சோறும் அந்தணர் மனையில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடுவும் விருந்து உணவுகள். விருந்தில்லாத நாளில் அங்கே என்ன உண்டனர் என்பதைப் பாட்டு சொல்லாது.

விருந்தினர் கண்ணுக்குத் தப்புவது தேய்மானத்தில் தங்குகிறது என்பது என் கருத்து. அம்மி நாள்தோறும் அரைக்கப்பட்டு வழவழப்பாகும். அம்மி கொத்துபவர் தெருவில் குரல் கொடுத்து வரும்போது அதை மீண்டும் கொத்திச் சொரசொரப்பாக்குவர். பழைய அம்மி ஒன்றின் குழிவு எத்தனையோ ஆண்டுகளின் சமையலைக் காட்டும். குழிவு எந்தப் பக்கம் மிகுந்துள்ளது என்பது அரைத்தவர் அமர்ந்த முறையையும் காட்டலாம். கோயில் மண்டபத் தரைகளில் கீறப்பட்ட ஆடுபுலி ஆட்டக் கட்டங்களும் அத்தகையவை. 3 புலிக்கும் 15 ஆட்டுக்கும் இடம்விட்டுக் கீறியவர் யாரென்று தெரியாது. அவர் அங்கே நெடுநேரம் அமர்ந்திருந்தார் என்பது உறுதி. பழைய வீட்டைக் காட்சிக்குச் செப்பனிடும்போது வாசற்படியின் பள்ளமும் விளக்குமாடத்தின் கரியும் முதலில் நீக்கப்படுவன. பெயர்த்தெடுக்கும் முன் அவற்றை அளந்து பதிவதைத் தூணின் அளவைப் பதிவதற்கு இணையாகக் கொள்ளவேண்டும்.

முட்டுக்காட்டிலேயே இதற்கு வாய்ப்புள்ளது. செங்கல்பட்டுக் கடலோரக் கழிகளில் இருளர் மக்கள் நீரில் அமிழ்ந்து கைகளால் தடவி இறால் பிடிக்கின்றனர்; பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கின்றனர். பெரும்பாணாற்றுப்படை வலைஞர் முன்றிலில் கிடத்திய பறியும் இதுவும் ஒன்றே என நிறுவச் சான்று போதாது. சொல் மட்டும் நிலைத்திருக்கிறது. ஆயினும் வேலை முடிந்தபின் அப்பறி வீட்டில் எங்கே மாட்டப்படுகிறது, அதை முடைபவர் யார், பிள்ளைகள் அதை வைத்து என்ன விளையாடுகின்றனர் என்பன கேட்டுப் பதியக்கூடிய செய்திகள். அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்றும் இக்கழிகளின் கரையில் வாழ்கின்றனர்.