அங்கொட லொக்கா

அங்கொட லொக்கா என்ற பெயரில் அறியப்பட்ட மத்துமகே சந்தன லசந்த பெரேரா, கொழும்பை ஒட்டிய அங்கொடையைச் சேர்ந்த நிழலுலகத் தலைவர். போதைப்பொருள் கடத்தல், கொலை வழக்குகளில் இலங்கைப் போலீசார் அவரைத் தேடினர். 2017 பிப்ரவரி 27 அன்று, எதிரணித் தலைவனான சமயனை நீதிமன்றத்துக்கு ஏற்றிச் சென்ற சிறைப் பேருந்தைக் களுத்துறையில் ஆயுதக் கும்பல் வழிமறித்துச் சுட்டது. சமயனும் சிறைக்காவலர் இருவரும் உட்பட 7 பேர் மாண்டனர். இந்தத் தாக்குதலோடு லொக்காவின் பெயரை இலங்கைப் போலீசார் சேர்த்துச் சொன்னார்கள். அவர் இந்தியாவுக்குத் தப்பி வந்து, பிரதீப் சிங் என்ற பெயரில் கோயம்புத்தூரில் குடியிருந்து, 2020 ஜூலை 3 அன்று அங்கேயே இறந்தார்.

தலைமறைவு என்றால் காடும் மலையும் நினைவுக்கு வருகின்றன. லொக்காவுக்கு அவை தேவைப்படவில்லை. ஒரு வாடகை வீடு, போலி ஆதார் அட்டை, உள்ளூரில் நம்பகமான இரண்டொருவர், இவ்வளவே அவருடைய மறைவிடம். மூக்கின் அமைப்பை மாற்ற அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதாகவும் தமிழகக் காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவான சி.பி.சி.ஐ.டி.யின் விசாரணையில் தெரியவந்தது. உயிரோடு இருந்தவரை இந்த ஏற்பாடு குலையவில்லை, குலைத்தது மரணம். அரசு மருத்துவமனையில் உடற்கூறாய்வு முடிந்ததும் உடலைப் பெற அடையாள ஆவணம் வேண்டியிருந்தது. அவருக்கு உதவியவர்கள் பிரதீப் சிங்கின் ஆதாரைக் காட்டி உடலை வாங்கி, மதுரைக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். பிறகு போலீசார் அந்த அட்டையைச் சரிபார்த்தபோது அது போலி என்று தெரிந்தது. ஒரு பெண் வழக்கறிஞர் உட்பட மூவர் கைதாயினர்; வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. இறந்தவர் லொக்காதான் என்பதை டி.என்.ஏ. ஒப்பீடு பின்னர் உறுதிசெய்தது. தலைமறைவாக இருப்பவனுக்கு ஆபத்து, உடம்பு அவனை மருத்துவமனை வாசலுக்கு இழுத்துவரும் நாளில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது என்பதே இந்த வாழ்க்கையிலிருந்து நான் எடுக்கும் முடிவு.

இத்தாலிய மாஃபியாவின் வரலாறு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. 43 ஆண்டுகள் பிடிபடாதிருந்த பெர்னார்டோ புரொவென்சானோ, 2003இல் வேறொருவர் பெயரில் பிரான்சின் மார்செய் நகருக்குப் போய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அந்தப் பயணத்தின் தடயம் துப்பறிவோருக்கு அவருடைய அப்போதைய முகத்தைக் காட்டியது. 2006இல் சொந்த ஊரான கொர்லியோனே அருகே சிக்கினார். 30 ஆண்டுகள் தப்பித்திருந்த மத்தேயோ மெசினா டெனாரோ புற்றுநோய் சிகிச்சைக்கு இன்னொருவரின் அடையாளத்தைப் பயன்படுத்தினார். 2023 ஜனவரி 16 அன்று பலெர்மோ மருத்துவமனையில் அவரைப் பிடித்தார்கள்.

லொக்கா சாகும்வரை பிடிபடவே இல்லையே, பிறகு ஆவணச் சோதனையால் என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, அவரை உயிரோடு நீதிமன்றத்தில் நிறுத்த முடியாமல் போனது கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்குப் பெரிய இழப்பு. ஆனால் அந்தச் சோதனை மட்டும் நடக்காதிருந்தால் பிரதீப் சிங் என்ற இல்லாத மனிதனின் சாம்பலோடு எல்லாம் கரைந்திருக்கும். அவருக்கு உதவியவர்களும் வெளியே தெரிந்திருக்க மாட்டார்கள். மும்பை நிழலுலகத் தலைவர் தாவூத் இப்ராஹிமைக் காட்டி மறுப்போரும் உண்டு. 1980களில் இந்தியாவைவிட்டுப் போன அவரை இன்றுவரை பிடிக்க முடியவில்லை. அவர் பாகிஸ்தானில் இருப்பதாக இந்தியா சொல்கிறது, பாகிஸ்தான் மறுக்கிறது. ஓர் அரசே நிழல் தருகிறது என்றால் நோயும் ஆவணமும் ஒருவரை ஒன்றும் செய்யாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லொக்காவுக்கு அப்படியொரு நிழல் இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவதாக ஒரு பேச்சு எழுகிறது: இலங்கையிலிருந்து வந்தவர்கள் எல்லோரையும் இன்னும் கடுமையாகக் கண்காணிக்க வேண்டும் என்பது. இதை நான் முற்றாக மறுக்கிறேன். கடையநல்லூரை அடுத்த போகநல்லூர் அகதிகள் முகாமைப் போன்ற இடங்களில் வாழும் ஈழத்தமிழர்கள் பெயர் பதிந்து, வருகைக் கணக்கெடுப்புக்கு நின்று, காவல்துறையின் உளவு அமைப்பான கியூ பிரிவின் பார்வையிலேயே பல பத்தாண்டுகளைக் கழித்தவர்கள். 2021இல் முகாம்களின் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது, கணக்கெடுப்பு மாறவில்லை. லொக்கா அந்தப் பதிவேடு எதிலும் இல்லை. சிங்களக் குற்றக் குழுத் தலைவரான அவர், போலியான இந்திய அடையாளத்தோடு நகரத்துக் குடியிருப்பில் இருந்தார். போலி ஆதார் அவருக்குக் கிடைத்த வழியைத்தான் அடைக்க வேண்டும்.