மூட்டு வீங்கினா சுளுக்குதானா? ஹீமோபிலியா இருந்தா உஷார்!

விளையாடிவிட்டு வந்த பையனின் முழங்கால் வீங்குகிறது. "சுளுக்குதான்" என்று எண்ணெய் தேய்த்து நீவி விடுகிறார்கள். அவனுக்கு ஹீமோபிலியா இருந்தால், இதைவிட ஆபத்து வேறில்லை.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 அல்லது 9 குறைவாக இருப்பதே ஹீமோபிலியா. இவர்களுக்கு முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் ரத்தம் கசியும். அதிலுள்ள இரும்புச்சத்து மூட்டின் உட்சவ்வில் தங்கி, சவ்வு தடிக்கும். தடித்த சவ்வில் மறுபடியும் கசிவு வரும். இப்படியே போனால் குருத்தெலும்பு தேயும். தேய்ந்தது திரும்ப வளராது.

உடனே என்ன செய்யணும்?

மூட்டில் குறுகுறுப்பு, சூடு தெரிந்ததுமே ஃபேக்டர் ஊசி போட வேண்டும். வீங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஓய்வும் ஐஸ் ஒத்தடமும் தேவை. ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். கசிவு நின்றபின் டாக்டர் சொல்லும் பிசியோதெரபியை விடக் கூடாது.

சேதமாகிவிட்டால்?

மூட்டுக்குள் கதிரியக்க மருந்து செலுத்தி, தடித்த சவ்வைச் சுருக்கலாம். முழுசாகத் தேய்ந்துவிட்டால், ஃபேக்டர் கொடுத்தபடியே மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யலாம்.

ஆனால், சின்ன வயதிலிருந்தே கசிவு வரும் முன் தவறாமல் ஃபேக்டர் போட்டு வந்தால், பெரும்பாலும் அந்த நிலைக்கே போக வேண்டியிருக்காது.