வெண்காட்டு விடைப்பாகரும் தஞ்சைக் கலைக்கூடமும்

தஞ்சையில் நாயக்க மன்னரும் பின்னர் மராட்டிய மன்னரும் வீற்றிருந்த அரண்மனையின்கண் 1951ஆம் ஆண்டில் கலைக்கூடம் ஒன்று நிறுவப்பெற்றது. சோழநாட்டுக் கோயில்களிலிருந்தும் மண்ணின் அடியிலிருந்தும் கிடைத்த கல், செப்புத் திருவுருவங்கள் பல அங்கே வைத்துக் காக்கப்பெறுகின்றன. தாராசுரத்தினின்றும் வந்த, யானையுரி போர்த்த மூர்த்தியின் கற்படிவம் ஒன்றே அக்கூடத்தின் பெருமைக்குப் போதும். ஆயினும் காண்பார் உள்ளத்தை முற்றக் கவர்வது திருவெண்காட்டு விடைப்பாகர் திருமேனியேயாம்.

ஏறத்தாழ மூன்றரை அடி உயரமுள்ள அத்திருமேனிக்குக் கரங்கள் இரண்டே. சடை பாகைபோலச் சுற்றிக் கட்டப்பெற்றுள்ளது. ஒரு திருவடியை ஊன்றி, மற்றதைக் குறுக்கே வைத்து, ஒரு கரத்தை விடையின்மேற் சாய்த்தவாறு பெருமான் நிற்கின்றார். விடையோ இன்று இல்லை! அது நின்ற இடத்தை அத்திருக்கரமே காட்டிக்கொண்டிருக்கின்றது. அருகே உமையம்மை நாணமும் அருளும் தோன்ற எழுந்தருளியுள்ளாள்.

இத்திருமேனிகளின் வரலாற்றைக் கூறுவன சீகாழிக்கு அண்மையிலுள்ள வெண்காட்டுக் கோயிற் கல்வெட்டுக்களே. முதலாம் இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டாகிய 1011இல் கோலக்கவன் என்பார் விடைப்பாகரை எழுந்தருளுவித்தார்; 1012இல் அம்மை திருவுருவம் எழுந்தது. மூவர் பாடல் பெற்ற பதி அது. மெய்கண்டதேவர்க்குச் சுவேதவனப்பெருமாள் என்னும் பிள்ளைத் திருநாமம் வாய்த்ததும் அப்பதியின் அருளாலன்றோ! பிற்காலத்தே இடர்க்கு அஞ்சிய அடியவர் திருமேனிகளை நிலத்துட் புதைத்தனர் போலும். காத்தவர் மறைந்தனர், மண் காத்து நின்றது.

பூசை கொள்ளவேண்டிய மூர்த்தி காட்சிப் பொருளாவதா என்று வருந்தும் அன்பருளர். அவ்வருத்தம் நேரியதே. ஆயினும் கூடத்தில் இருக்கும் திருமேனியை இன்றும் கண்குளிரக் காணலாம். சுவரிலிருந்து அழிந்த எழுத்தை எங்கே சென்று தேடுவது? கல்வெட்டு மறைந்திருப்பின் விடைப்பாகர், காலமும் ஈந்தவர் பெயரும் தெரியாத செப்புப் படிமமாகவே எண்ணப்பெறுவார். திருப்பணி என்ற பெயரால் வரிசை மாற்றி அடுக்கப்பெற்ற கற்களிலும், சுண்ணாம்பு அப்பியும் உளியாற் கொத்தியும் புதுக்கப்பெற்ற சுவர்களிலும் இத்தகைய கொடையாளர் பெயர்கள் எத்தனையோ மாய்ந்தன. வெண்காட்டில் எழுத்துப் பொறித்த கல் பிழைத்து நின்றது. ஆயிரம் ஆண்டு கடந்தும் கோலக்கவன் பெயர் அங்கே படிக்கப்படுகின்றது; அவர் எழுந்தருளுவித்த பெருமான், காணாத விடையின்மேற் கைசாய்த்துத் தஞ்சையில் நிற்கின்றார்.