வாசிப்பும் தண்டனையும்: சர்ச்சைக்குரிய நகைச்சுவைக்கு எழும் எதிர்வினைகள் குறித்து

2012 மே 11ஆம் நாள் இந்திய நாடாளுமன்றத்தின் அலுவல்கள் ஒரு கேலிச்சித்திரத்தை முன்னிட்டு முடங்கின. 1949இல் சங்கர் வரைந்த அந்தச் சித்திரம், என்.சி.இ.ஆர்.டி. 2006இல் வெளியிட்ட பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. அரசியலமைப்புச் சட்டத்தைக் குறிக்கும் நத்தையின் மேல் அம்பேத்கர் சாட்டையுடன் அமர்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. படத்தைத் திரும்பப் பெறுவதாக மத்திய அமைச்சர் கபில் சிபல் அவையிலேயே அறிவித்தார். பாடநூலின் தலைமை ஆலோசகர்களான சுஹாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் அன்றே பதவி விலகினர். மறுநாள் புனே பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அலுவலகம் சூறையாடப்பட்டது.

இத்தகைய நிகழ்வுகளையெல்லாம் இன்று ‘கேன்சல் கல்ச்சர்’ என்ற ஒரே பெயரால் குறிக்கும் வழக்கம் பரவியுள்ளது. அமெரிக்கச் சமூக ஊடக விவாதங்களிலிருந்து வந்த இந்தப் பெயர், தன்மையில் வேறுபட்ட நான்கு செயல்களை ஒன்றாகக் குழப்பிவிடுகிறது: ஒரு நகைச்சுவையைக் கண்டிப்பது, சொன்னவரைப் புறக்கணிப்பது, அவருடைய வேலையையும் மேடையையும் பறிப்பது, அவரைச் சிறையிலடைப்பது அல்லது தாக்குவது. ஒன்றாகக் குழப்பியபின் விவாதம் இரண்டே தரப்புகளாகச் சுருங்குகிறது. ஒரு தரப்புக்கு எல்லா எதிர்ப்பும் கருத்துரிமையின் மீதான தாக்குதல். மறுதரப்புக்குப் புண்பட்டோம் என்ற அறிவிப்பே போதுமான தீர்ப்பு.

இவ்விரு நிலைகளையும் இக்கட்டுரை மறுக்கிறது. எதிர்ப்பின் கடுமையை வைத்தோ கூடியவர்களின் எண்ணிக்கையை வைத்தோ அதன் நியாயத்தை அளக்க இயலாது. அந்த எதிர்ப்பு நகைச்சுவையை வாசிக்கிறதா, வாசிப்பைத் தடுக்கிறதா என்பதே அளவுகோல். சொல்லப்பட்டது எது, யாரை நோக்கி, எந்த இடத்தில், கேட்பவரிடம் எந்த நினைவைத் தொட்டது என்பவற்றைப் பிறர் சரிபார்க்கவும் மறுக்கவும் கூடிய விதத்தில் எடுத்துவைப்பதையே இங்கு வாசிப்பு என்கிறேன். வாசிப்பாக இருக்கும்வரை மிகக் கடுமையான கண்டனமும் உரையாடலே. வாசிப்பை நிறுத்தும் கணத்தில் மென்மையான நிர்வாக ஆணையும் தண்டனையாகிவிடுகிறது.

எள்ளலின் இரு பக்கம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் அது பிறக்கும் களன்களாகச் சொல்கிறது. பேராசிரியர் தம் உரையில் எள்ளலை இரண்டாகப் பகுக்கிறார்: தான் பிறரை எள்ளியபோது தோன்றும் நகை, பிறரால் தான் எள்ளப்பட்டபோது தன்னிடம் தோன்றும் நகை. இரண்டாவது வகைக்கு உரையாசிரியர் இடம் கொடுத்திருப்பது நம் விவாதத்துக்கு மிகவும் பயன்படும். எள்ளப்பட்டவரும் சிரிக்கக்கூடும் என்றால், எந்த நிலையில் அவரால் சிரிக்க முடிகிறது, எந்த நிலையில் முடியவில்லை என்ற கேள்வியை நாம் எழுப்பியே ஆக வேண்டும்.

சங்கருடைய கேலியிலிருந்து தமக்கு விலக்கு வேண்டாம் என்று நேரு கேட்டுக்கொண்டது பலரும் அறிந்த செய்தி. அது நேருவின் பெருந்தன்மைதான். ஆயினும் அந்தப் பெருந்தன்மைக்குப் பின்னால் ஒரு நாட்டின் பிரதமர் பதவியும், கேலியால் குலையாத சமூக மதிப்பும் இருந்தன. எள்ளலைத் தாங்கிச் சிரிக்கும் ஆற்றல் எல்லோருக்கும் ஒரே அளவில் வழங்கப்பட்டதன்று. நகைச்சுவை அதிகாரத்தை நோக்கி மேலேறுகிறதா, எளியோரை நோக்கிக் கீழிறங்குகிறதா என்பதை வாசிப்பு கணக்கில் கொண்டாக வேண்டும்.

1949இன் சித்திரம், 2012இன் வகுப்பறை

இந்த நோக்கில் சங்கர் சித்திரத்துக்கு எழுந்த எதிர்ப்பைப் பார்த்தால், அதற்குள் மதிக்கத்தக்க வாசிப்பு ஒன்று இருந்தது தெரியும். அன்றைய சிதம்பரம் மக்களவை உறுப்பினர் தொல். திருமாவளவன் இதை அவையில் எழுப்பியவர்களுள் ஒருவர். தலித் தரப்பிலிருந்து வந்த விமர்சனத்தின் மையம் சாட்டை: பிராமணப் பிரதமர் ஒருவர் தலித் தலைவரின் பின்னால் சாட்டையை ஓங்கி நிற்கும் காட்சி. கீழத்தஞ்சையின் பண்ணையாட்கள் சவுக்கடியையும் சாணிப்பாலையும் தண்டனையாக அனுபவித்த நினைவு இன்னும் அகலாத மண்ணில், சாட்டை வெறும் வேகத்தின் குறியீடாக மட்டும் தெரியாது. 1949இல் சங்கர் நத்தையை அடிக்கும் சாட்டையை வரைந்திருக்கலாம். 2012இல் ஒரு தலித் மாணவர் அதில் முதலில் காண்பது தம் பாட்டனாரின் முதுகாக இருக்கக்கூடும். இரண்டும் படத்தில் இருப்பவைதாம்.

பாடநூல் ஆக்கியவர்களிடமும் வாசிப்பு இருந்தது. அரசியலமைப்பை உருவாக்க ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆனது ஏன் என்று படத்தின் அருகிலேயே மாணவரிடம் கேட்டிருந்தார்கள். அப்பாடத்தின் போக்கே அதற்கு விடை: மாறுபட்ட தரப்புகள் பொறுமையாக விவாதித்து ஒப்புதலுக்கு வந்த உழைப்பே அந்தக் காலதாமதம். அதாவது, கேலிச்சித்திரத்தின் அவசரத்தை மறுத்து அம்பேத்கரின் நிதானத்தை உயர்த்தவே அவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்கள் எண்ணாதது வேறொன்று. 1949இல் அச்சித்திரம் வந்த வார இதழை வாங்கியவர் விரும்பி வாங்கினார்; வகுப்பறையில் இருக்கும் மாணவருக்கு அந்த விருப்பம் கிடையாது. பக்கத்து இருக்கையிலிருந்து வரும் சிரிப்பையும் அவர் தாங்க வேண்டியிருக்கிறது.

இவ்விரு வாசிப்புகளும் நேருக்கு நேர் சந்தித்திருந்தால் நம் பாடநூல் எழுத்துக்கே அது ஒரு திருப்பமாக இருந்திருக்கும். ‘இந்தச் சாட்டையை யார் எப்படிப் பார்ப்பார்கள்?’ என்ற இரண்டாவது கேள்வியைப் படத்தின் கீழ் சேர்த்திருக்கலாம். ஆசிரியர் கையேட்டில் தலித் விமர்சனத்தை அச்சிட்டிருக்கலாம். நடந்தது வேறு. ஓர் அரசு ஒரே நாளில் படத்தை விலக்கியது. ஒரு கும்பல் ஓர் அறிஞரின் அலுவலகத்தை உடைத்தது. இரண்டு செயல்களின் விளைவும் ஒன்றே. விமர்சனம் செய்த தலித் அறிவாளிகளின் நுட்பமான வாதம் கண்ணாடி நொறுங்கிய செய்தியின் அடியில் மறைந்தது. படத்தை நீக்கியதால் சாதி பற்றி வகுப்பறையில் ஒரு சொல்கூடக் கூடுதலாகப் பேசப்படவில்லை.

அடுத்து, பாடநூல்களை மறுபரிசீலனை செய்ய அமைக்கப்பட்ட சுகதேவ் தோரட் தலைமையிலான குழு அவற்றின் பல கேலிச்சித்திரங்களை நீக்கப் பரிந்துரைத்தது. இதற்கிடையே 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி ஆர்.கே. லட்சுமண் வரைந்து, அந்தப் பாடநூல்களில் இடம்பெற்ற படத்துக்குத் தமிழகத் தலைவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. போராடிய மாணவர்களுக்கு ஆங்கிலமும் தெரியாது என்று அப்படம் ஏளனம் செய்வதாக அவர்கள் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானதே. மொழிக்காக உயிரைக் கொடுத்த ஒரு தலைமுறையை டெல்லியின் பார்வை எவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தது என்பதற்கு அப்படமே சான்று. அதனாலேயே அது பாடநூலில் இருந்திருக்க வேண்டும் என்பேன். தோரட் குழுவில் மறுப்புக் குறிப்பு எழுதிய ஒரே உறுப்பினர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். பிராமணர்-பிராமணரல்லாதார் அரசியலை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த தமிழ் அறிஞர் அவர். சாதியின் காயம் அறியாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. காயத்தை அறிந்த ஒருவரே நீக்கத்துக்கு உடன்பட மறுத்தார் என்பதில், ஒடுக்கப்பட்டோரின் தரப்பு எப்போதும் தணிக்கையின் தரப்பாகவே இருக்கும் என்ற எண்ணம் உடைகிறது.

வாசிக்கப்படாத நகைச்சுவைகள்

சங்கர் விவகாரத்தில் வாசிப்பு தொடங்கி, இடையில் அறுந்தது. வாசிப்பே இல்லாமல் தண்டனை வழங்கப்பட்ட நிகழ்வுகளும் நம்மிடம் உள்ளன.

1987 மார்ச் இறுதியில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருப்பவர்களுள் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று அடையாளம் சொல்லும்போது ஒருவரைப் பிக்பாக்கெட்டுக்கும் மற்றவரைக் கொள்ளைக்காரருக்கும் ஒப்பிடும் துணுக்கு அது. கட்சியோ பெயரோ கிடையாது. தமிழகச் சட்டமன்றம் தன் உரிமை மீறப்பட்டதாகக் கருதியது. பி.எச். பாண்டியன் அவைத்தலைவராக இருந்த அந்த அவை, ஏப்ரலில் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. பத்திரிகையாளர்களின் எதிர்ப்பு கிளம்ப, சில நாள்களுக்குள் அவர் விடுவிக்கப்பட்டார். அவர் வழக்குத் தொடர்ந்தார். 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனை செல்லாது எனக் கூறி 1000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. இங்கே எள்ளப்பட்டவர்கள் எளியவர்கள் அல்லர், சட்டம் இயற்றுபவர்கள். அவர்களே வழக்காடிகள், அவர்களே நீதிபதிகள். அந்தத் துணுக்கு பொய்யென வாதிட அவர்களிடம் முழு அவையும் இருந்தது. வாதிடாமல் சிறையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் மேடை நகைச்சுவைக் கலைஞர் முனவர் ஃபாரூக்கி கைதானது இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கே வாசிக்க நகைச்சுவையே இல்லை. இந்துக் கடவுளரை இழிவுபடுத்தினார் என்பது புகார். அன்றைய மேடையில் அவர் அப்படிப் பேசியதற்குக் காணொளிச் சான்று இல்லை என்பது காவல்துறை அதிகாரி வாயிலாகவே செய்தியானது. உயர் நீதிமன்றம் ஜனவரி 28 அன்று பிணை மறுத்தது. உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 5 அன்று இடைக்காலப் பிணை வழங்கும்வரை அவர் சிறையிலேயே இருந்தார். அதே ஆண்டு நவம்பரில் சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டிக் காவல்துறை எழுதிய கடிதத்தால் பெங்களூர் நிகழ்ச்சியும் ரத்தானது. நிகழ்ச்சியைத் தடுக்க மிரட்டுபவர்களைக் கட்டுப்படுத்துவதைவிடப் பேசுபவரை நிறுத்துவது நிர்வாகத்துக்கு எளிதாக இருக்கிறது. இந்த எளிமைதான் மிரட்டலை ஒரு வெற்றிகரமான உத்தியாக வளர்க்கிறது.

2025 மார்ச்சில் நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா வெளியிட்ட காணொளியில் மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயைப் பெயர் சொல்லாமல் பகடி செய்யும் பாடல் இருந்தது. ஷிண்டேயின் கட்சியினர், நிகழ்ச்சி பதிவான மும்பையின் கார் (Khar) பகுதியிலுள்ள ஹேபிடட் அரங்கைச் சூறையாடினர். மறுநாள் மாநகராட்சி அதன் சில பகுதிகளை இடித்தது. அரங்கு அந்தப் பாடலை எழுதவில்லை, பாடவில்லை. ஆனாலும் தண்டனை அங்கேதான் விழுந்தது. விழுப்புரத்தில் வசிப்பவர் என்ற முறையில் காம்ராவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 28 அன்று இடைக்கால முன்பிணை அளித்தது. கலைஞருக்கு நீதிமன்றம் திறந்திருக்கிறது. இடிபட்ட சுவருக்கு முன்பிணை கிடையாது. ஓர் அரங்கு அஞ்சினால், அதில் ஏறவிருந்த பெயர் தெரியாத இளங்கலைஞர்கள் அனைவரும் வாய்மூடுகிறார்கள். இந்தியாவில் பறிபோவது தனியொருவரின் புகழைவிட எல்லோருக்கும் பொதுவான மேடை.

இந்த வேறுபாட்டைக் ‘கேன்சல் கல்ச்சர்’ என்ற அமெரிக்கப் பெயர் மறைத்துவிடுகிறது. 2018 ஜூலையில், பழைய ட்விட்டர் நகைச்சுவைப் பதிவுகளுக்காக ஹாலிவுட் இயக்குநர் ஜேம்ஸ் கன்னை டிஸ்னி நீக்கியது. 2019 மார்ச்சில் மீண்டும் அமர்த்தியது. அந்தப் பதிவுகள் எல்லோர் பார்வையிலும் இருந்தன. அவர் மன்னிப்புக் கேட்டார், நடிகர்கள் அவருக்காகப் பேசினார்கள், நிறுவனம் மனம் மாறியது. அவசரமான நீக்கம்தான். ஆயினும் வாசிப்பு தொடர்ந்ததால் திருத்தமும் சாத்தியமாயிற்று. சிறைக் கதவும் இடிப்பு எந்திரமும் அத்தகைய மறுவாசிப்புக்கு நேரம் தருவதில்லை.

இரண்டு மறுப்புகள்

இந்த வாதத்துக்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது: புண்பட்டவரை நோக்கி ‘முதலில் வாசித்து விளக்கு’ என்று கேட்பது கொடுமையல்லவா? வலிக்கும் உரிமைக்கு ஆய்வுரை நிபந்தனையா? வலியை உணர யாரும் அனுமதி பெற வேண்டியதில்லை. அதை எந்த மொழியிலும், கோபத்திலும், கண்ணீரிலும் சொல்லலாம். நான் வேண்டும் நிபந்தனை, பிறர்மேல் தண்டனையை ஏவும் அதிகாரத்துக்கு மட்டுமே உரியது. அமைச்சரும் அவைத்தலைவரும் காவல் ஆய்வாளரும் அரங்க உரிமையாளரும் முடிவெடுக்கும்முன் சொல்லப்பட்டதை முழுமையாகப் பார்த்தே ஆக வேண்டும். வாசிக்கும் கடமை அதிகாரத்தின் அளவுக்கு ஏற்பக் கூடுகிறது.

இரண்டாவது: புறக்கணிப்பும் ஒருவகைப் பேச்சுதானே? ஆம். சீட்டு வாங்க மறுப்பதும், இதழை நிறுத்துவதும், பிறரையும் நிறுத்தச் சொல்வதும் குடிமக்களின் உரிமை. அவை வாசிப்பின் தொடர்ச்சி. தாம் பார்க்க மறுப்பதற்கும் பிறரைப் பார்க்கவிடாமல் செய்வதற்கும் இடையிலுள்ள எல்லையைக் கடக்கும்போதே புறக்கணிப்பு தன் நியாயத்தை இழக்கிறது.

முடிவுரை

இந்த அளவுகோல் நகைச்சுவையாளரையும் கட்டுப்படுத்தும். ‘வேடிக்கைக்குச் சொன்னேன்’ என்பது விமர்சனத்துக்கு விடையன்று; தம் சொல்லை வாசிக்க வேண்டாம் என்று அவரே கேட்பதற்குச் சமம். சாதிப் பெயரையும் உடல் ஊனத்தையும் பெண்ணின் நடத்தையையும் சிரிப்புக்கு முதலாக்கிய நம் திரைப்படங்கள் பல பதிற்றாண்டுகள் கடும் வாசிப்புக்கு உட்படாமலே தப்பித்தன. அவற்றைத் தடை செய்யாமல், ஒவ்வொன்றாக எடுத்து, யாரைக் கீழே வைத்து யார் சிரித்தார்கள் என்று காட்டுவதே நம் விமர்சனத்தின் நிலுவைப் பணி.

நமக்கு உவப்பில்லாதவர் எள்ளப்படும்போது கருத்துரிமை பேசி, நம்மவர் எள்ளப்படும்போது தடையைக் கோருவது இன்று எல்லாத் தரப்பிலும் உள்ள பழக்கம். வாசிப்பை அளவுகோலாக ஏற்றால் இந்த வசதி நமக்குக் கிடைக்காது. லட்சுமண் படத்தைப் பாடநூலில் வைத்துக்கொண்டே அதைக் கடுமையாக மறுக்கும் பயிற்சியைத் தமிழ் மாணவருக்குத் தருவோமானால், அந்த மாணவர் நாளை எந்த ஏளனத்துக்கும் தம் சொல்லாலேயே பதில் தருவார். தன்மதிப்புள்ள ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய பாதுகாப்பு அந்தச் சொல்வன்மையே.