எச்ஐவி உடலில் எதைத் தாக்குகிறது? சிடி4 செல்கள் குறைந்தால் என்ன ஆகும்?

1986-ம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் சோதிக்கப்பட்டன. அவற்றில் 6 மாதிரிகளில் எச்ஐவி தொற்று இருந்தது. இந்தியாவில் எச்ஐவி இருப்பது முதன்முதலில் தெரியவந்தது அப்போதுதான்.

மற்ற கிருமிகளை விரட்டும் உடம்பு, எச்ஐவியிடம் மட்டும் ஏன் தடுமாறுது?

உடலின் 3 அடுக்கு காவல்

முதல் அடுக்கு: தோல், மூக்கு தொண்டையில் உள்ள சளிப் படலம், வயிற்று அமிலம். பெரும்பாலான கிருமிகளுக்கு இங்கேயே 'நோ என்ட்ரி'.

இரண்டாவது அடுக்கு: உள்ளே நுழையும் கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள். காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவது இவற்றின் வேலையால்தான்.

மூன்றாவது அடுக்கு: பி செல்கள் ஆன்டிபாடிகளை உருவாக்கும். ஒரு வகை டி செல்கள், தொற்று பாதித்த செல்களை அழிக்கும். வந்த கிருமியை நினைவில் வைத்திருப்பதும் இந்த அடுக்குதான். தடுப்பூசி பலன் தருவது இதனால்தான்.

சிடி4 செல்லின் வேலை என்ன?

இந்தப் படைக்கு உத்தரவு தருவது சிடி4 என்ற டி செல். எச்ஐவி நுழைந்து பெருகுவது இதற்குள்தான். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் பொதுவாக 500 முதல் 1,500 வரை சிடி4 செல்கள் இருக்கும். சிகிச்சை எடுக்காவிட்டால் சில ஆண்டுகளில் இது 200-க்கும் கீழே போகலாம். அந்த நிலைதான் எய்ட்ஸ். அப்போது காசநோய், நிமோனியா போன்றவை உயிரைப் பறிக்கலாம்.

அப்போ ஆன்டிபாடி உருவாகாதா?

உருவாகும். ஆனால் வைரஸ் வேகமாக உருமாறித் தப்பிவிடும். பெரும்பாலான பரிசோதனைகள் தேடுவது இந்த ஆன்டிபாடியைத்தான். அது உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், தொற்றிய உடனே சோதித்தால் 'நெகட்டிவ்' வரலாம்.

சிகிச்சை இருக்கா?

இருக்கு. ஏஆர்டி மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். சிடி4 எண்ணிக்கை மீண்டும் உயரும். தொடர்ந்து சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவாது. 2004 முதல் அரசு மையங்களில் இந்த மாத்திரைகள் இலவசம்.

தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ, கொசு கடித்தாலோ எச்ஐவி பரவாது. ஆனாலும் நோயாளிகள் ஒதுக்கப்பட்ட காலத்தில், 1993-ல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கி அவர்களுக்கு சிகிச்சை அளித்தார் சுனிதி. 2015-ல் மறைந்த அவருக்கு 2017-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

சந்தேகம் இருந்தால் தயங்க வேண்டாம். இலவச உதவி எண் 1097.