கம்பெனி டயர்: அமெரிக்கப் பிக்கப் டிரக்குகளில் ஆயுளும் திறனும்

பிக்கப் டிரக் தொழிற்சாலையை விட்டு வெளிவரும்போதே அதில் பூட்டப்பட்டிருக்கும் டயர் கம்பெனி டயர். ஃபோர்டு எஃப்-150, செவ்ரலே சில்வராடோ, ராம் 1500 போன்ற அமெரிக்கப் பிக்கப்களில் இது பெரும்பாலும் 50,000 முதல் 80,000 கிலோமீட்டர் வரை உழைக்கிறது. டிரெய்லர் இழுக்கும் வண்டிகளிலும் சரளைச் சாலையில் ஓடும் வண்டிகளிலும் அதற்கு முன்பே மாற்ற வேண்டி வருவதுண்டு. அதே பெயரில் கடையில் வாங்கிப் போடும் டயர் கூடுதலாக உழைப்பதால், கம்பெனி டயர் மட்டமான சரக்கு என்ற பேச்சு ஓட்டுநர்களிடையே பழகிப்போன ஒன்று. டயரின் விவரக்குறிப்பை எழுதுபவர் வண்டி உற்பத்தியாளர், அதைத் தேய்த்து ஓட்டுபவர் வேறொருவர் என்பதை வைத்துப் பார்த்தால்தான் இந்தக் குறையைச் சரியாக எடைபோட முடியும்.

விவரக்குறிப்பும் சமரசமும்

வண்டி உற்பத்தியாளர் ஒவ்வொரு மாடலுக்கும் தன் தேவைகளை வகுத்து டயர் நிறுவனத்திடம் கொடுக்கிறார். ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கென்றே டிபிசி என்னும் குறியீட்டை வைத்திருக்கிறது. அதன் வண்டிகளுக்கான டயர்களின் பக்கச்சுவரில் இந்த எண்ணைக் காணலாம். பிடிப்பு, சத்தம், எடை, உருளும்போது டயர் தின்னும் ஆற்றல், விலை எல்லாம் அந்தக் குறிப்பில் அடங்கும்.

இவற்றில் உருளல் தடைக்குத் தனி இடம் உண்டு. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமெரிக்காவில் எரிபொருள் சிக்கன வரம்பு வந்தது. ஒரு நிறுவனம் விற்கும் வண்டிகளின் சராசரி அந்த வரம்பைத் தொட வேண்டும். உருளல் தடையைப் பத்து விழுக்காடு குறைத்தால் எரிபொருள் சிக்கனம் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு கூடும் என்று அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியத்தின் 2006ஆம் ஆண்டு அறிக்கை கணக்கிட்டது. ஓட்டுநரின் கண்ணுக்கே படாத இந்தச் சிறு மிச்சம், ஆண்டுக்குப் பல லட்சம் பிக்கப் விற்கும் நிறுவனத்துக்குப் பெரிய லாபம்.

உருளல் தடை, ஈரச்சாலைப் பிடிப்பு, தேய்மானம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பவை. சிலிக்கா கலந்த ரப்பர் வந்தபின் இந்த இழுபறி தளர்ந்தது என்றாலும் அற்றுப்போய்விடவில்லை. உருளல் தடையைக் குறைக்க எளிய வழி ட்ரெட் ரப்பரின் கனத்தைக் குறைப்பது. நெடுஞ்சாலை வகைப் பிக்கப் டயரில் பள்ளத்தின் ஆழம் புதிதாக இருக்கும்போது சுமார் 8 முதல் 9.5 மில்லிமீட்டர். பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு 1.6 மில்லிமீட்டர். இடையில் உள்ள ஆறு முதல் எட்டு மில்லிமீட்டரே டயரின் மொத்தக் கையிருப்பு. அதில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும்.

ஆகவே பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி இரண்டு டயர்களை ஒப்பிடக் கூடாது. பெயரும் அளவும் பொருந்தினாலும், வண்டி நிறுவனத்துக்குப் போகும் வார்ப்பின் கலவையும் ட்ரெட் ஆழமும் வேறாக இருக்கலாம். உத்தரவாதத்திலும் இந்த வேறுபாடு தெரியும். சந்தையில் விற்கும் மிஷலின் டிஃபெண்டர் எல்டிஎக்ஸ் எம்/எஸ் டயருக்கு, கனரக அளவுகள் நீங்கலாக, 70,000 மைல் (சுமார் 1,12,000 கிலோமீட்டர்) தேய்மான உத்தரவாதம் உண்டு. கம்பெனி டயர்கள் பலவற்றுக்கு மைல் கணக்கில் உத்தரவாதமே கிடையாது.

பி வகையும் எல்டி வகையும்

அரை டன் வகுப்பு எனப்படும் எஃப்-150 போன்ற பிக்கப்களில் பெரும்பாலும் கார் டயர் குடும்பத்தைச் சேர்ந்த பி வகை டயரே வருகிறது. 35 பிஎஸ்ஐ அளவுக் காற்றில் இது மென்மையாக ஓடும். ஆனால் கார் டயரைப் பிக்கப்பில் பூட்டினால் அதன் சுமைத்திறனை 1.10ஆல் வகுத்தே கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. முக்கால் டன், ஒரு டன் வகுப்பு வண்டிகளுக்கு எல்டி வகை வருகிறது. அதில் 'ஈ' சுமைப் பிரிவு டயர் 80 பிஎஸ்ஐ வரை தாங்கும். பக்கச்சுவர் தடித்தது, வெட்டும் குத்தும் எளிதில் ஏறாது. விலையாகக் கொடுப்பது சொகுசையும் எரிபொருளையும்.

டயரில் அச்சிட்ட தேய்மான மதிப்பெண்ணைப் பார்த்து வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த மதிப்பெண் பி வகைக்கு மட்டும்தான். எல்டி டயருக்குச் சட்டப்படி தேவையில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஆஞ்சலோ நகரைச் சுற்றியுள்ள 400 மைல் பாதையில் மொத்தம் 7,200 மைல் ஓட்டி, ஒப்பீட்டு டயருடன் வைத்துப் பார்த்து இதைத் தருகிறார்கள். 100 என்பது அடிப்படை; 300 பெற்ற டயர் அதே பாதையில் மூன்று மடங்கு உழைக்கும் என்று பொருள். மதிப்பெண்ணை இடுவது டயர் நிறுவனமே. அரசு வேண்டும்போது சரிபார்க்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இது உதவும். வெவ்வேறு நிறுவனங்களை ஒப்பிட அவ்வளவாக உதவாது.

பிக்கப் ஏன் டயரைத் தனி விதமாகத் தேய்க்கிறது

வெறும் பிக்கப்பில் எடையின் பெரும்பகுதி முன் அச்சில் இருக்கும். பின்னால் இருப்பது காலித் தொட்டிதான். பின் சக்கர இயக்க வண்டியில் விசையைத் தருவதோ எடை குறைந்த பின் டயர். மழை நாளில் பிக்கப்பின் பின்பக்கம் வழுக்கிச் சுழலுவதற்கும், பின் டயர் நடுவில் தேய்வதற்கும் இதுவே காரணம். கனரகப் பிக்கப்பில் சுமைக்கென்று பின் டயரில் 80 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டு ஆண்டு முழுக்க வெறும் வண்டியாக ஓட்டுவோர் பலர். அந்த டயரின் நடுப்பட்டை மட்டும் வழுக்கையாகும். காற்று குறைந்தால் இரு தோள்களும் தேயும். அலைன்மென்ட் பிசகினால் ட்ரெட்டின் ஓரம் இறகுபோல் சீவப்படும். ஷாக் அப்சார்பர் தளர்ந்தால் மேடு பள்ளமாகத் தேய்ந்து சத்தம் போடும்.

8,000 முதல் 12,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுவது இவற்றைச் சமன்படுத்தும். பின் சக்கர, நான்கு சக்கர இயக்க வண்டிகளில் பின் டயர்கள் நேராக முன்னே வரும். முன் டயர்கள் குறுக்காகப் பின்னே போகும். கம்பெனி டயரைக் குறை சொல்பவர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஈரமும் பனியும்

ஆயுளின் கடைசிக் கால்பங்கில் டயரின் குணம் மாறிவிடுகிறது. உலர்ந்த சாலையில் தேய்ந்த டயர் நன்றாகவே பிடிக்கும். உருளல் தடையும் குறைந்திருக்கும். ஈரத்தில்தான் ஆபத்து. பள்ளம் ஆழமிழந்தால் தண்ணீர் வெளியேற வழியில்லை. இந்தியானா மாநிலத்தின் டயர் ரேக் விற்பனை நிறுவனம் ஒரு எஃப்-150 வண்டியை ஈரத்தளத்தில் மணிக்கு 70 மைல் வேகத்திலிருந்து நிறுத்திச் சோதித்தபோது, சட்ட எல்லைவரை தேய்ந்த டயர்கள் புதியவற்றைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தூரம் எடுத்தன. ஆகவே 1.6 மில்லிமீட்டர் வரை காத்திருக்காமல் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவதே புத்திசாலித்தனம்.

பனிக்கு 'எம்+எஸ்' குறியை மட்டும் நம்ப முடியாது. அது ட்ரெட்டின் வடிவமைப்பைப் பொறுத்தது, பனியில் சோதித்து வழங்குவதன்று. மும்மலைப் பனித்துகள் முத்திரைதான் சோதனையின் அடிப்படையில் கிடைப்பது. ஃபோர்டு ராப்டரில் கம்பெனி டயராகவே வந்த பிஎஃப் குட்ரிச் கேஓ2 இந்த முத்திரை பெற்றது. சாதாரண ரக வண்டிகளில் வரும் நெடுஞ்சாலை டயர்கள் பலவற்றில் அது இருக்காது.

ஃபயர்ஸ்டோன் விவகாரம்

கம்பெனி டயரின் வரலாற்றில் இருண்ட அத்தியாயம் 2000ஆம் ஆண்டினுடையது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளிலும் ரேஞ்சர் உள்ளிட்ட பிக்கப்களிலும் வந்த ஃபயர்ஸ்டோன் ஏடிஎக்ஸ், வில்டர்னஸ் ஏடி டயர்களில் ட்ரெட் உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று, பயன்பாட்டில் இருந்த சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. 270க்கும் மேற்பட்ட உயிரிழப்புகள் இதோடு தொடர்புபடுத்தப்பட்டன. எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ குறைந்த காற்றழுத்தம் என்று டயர் நிறுவனம் சொன்னது. டயரே குறை என்றது ஃபோர்டு. 1906 முதல் நீடித்த வணிக உறவு 2001இல் முறிந்தது.

அதே 2000ஆம் ஆண்டு நவம்பரில் வந்த சட்டத்தின் பயனாகவே காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு வந்தது. 2007 செப்டம்பர் முதல் புதிய இலகுரக வண்டிகள் அனைத்திலும் அது கட்டாயம். பரிந்துரைத்த அளவிலிருந்து 25 விழுக்காடு குறையும்போதுதான் விளக்கு எரியும் என்பதால், அது எரியவில்லை என்பது காற்று சரியாக இருப்பதற்குச் சான்றாகாது. மொத்த எடைத்தகுதி 10,000 பவுண்டைத் தாண்டும் பிக்கப்களை இந்த விதி கட்டுப்படுத்தாது.

வயதும் மின் பிக்கப்பும்

ஓடாத டயரும் கெடும். ஆக்சிஜனும் வெப்பமும் ரப்பரைக் கடினமாக்கும். ட்ரெட் மீதமிருந்தாலும் ஆறு ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது ஃபோர்டு. பத்து ஆண்டுகளை உச்ச வரம்பாக வைக்கிறது மிஷலின். பக்கச்சுவரில் டிஓடி குறியின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். வண்டியின் அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

மின் பிக்கப்கள் தேய்மானக் கணக்கை மேலும் கடுமையாக்கியுள்ளன. ரிவியன் ஆர்1டி 3.2 டன்னை ஒட்டிய எடையும் தொடக்கத்திலேயே கிடைக்கும் முழு முறுக்குவிசையும் கொண்டது. நான்கு மோட்டார் வகையில், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஓட்ட முறையைத் தேர்ந்தால் முன் சக்கரங்கள் மட்டுமே இயங்கும்; அப்போது தேய்மானச் சுமை முன் டயர்கள்மேல் கூடுகிறது. இத்தகைய வண்டிகளில் டயர்களை இடம் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்வது நல்லது.